பழம் போன ஊருக்கெல்லாம் போகாத ராஜாங்கம் ஐயாவுக்கு

பண்பிற் சிறந்த பெரியீர்! பாரம் ஏற்றும் பணியில் பழுத்த பெருந்தகையீர்! காயைத் தொட்ட மாத்திரத்தில் அது காணப்போகும் ஊரைச் சொல்லும் கைத்திறத்தீர்! மாலையும் கழுத்துமாய் மேடையில் தனியே உட்கார்ந்திருக்கும் எங்கள் ராஜாங்கம் ஐயா அவர்களே!

அந்த நாற்காலியைக் கொஞ்சம் எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் நிற்கும் பிள்ளைகளே, நீங்களும் கிட்ட வந்து உட்காருங்கள். புகழ்மொழி வாசித்துப் பூச்சரம் சூட்டி அனுப்புவது உலக வழக்கம்; நாங்கள் அத்துடன் ஒரு கதையும் சொல்லப்போகிறோம். கதை ஐயாவுடையதுதான். ஆனால் அதில் பாதி அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தது. ஆகையால், ஐயா, யாருக்கோ நடந்ததைக் கேட்பவர்போல் கேளுங்கள்.

முதலாளி ராஜகோபால் அவர்கள் இந்தப் பழமண்டியைத் தொடங்கிய நாளில் மண்டிக்கென்று இருந்தது ஒற்றை மாட்டுவண்டி. மலைச்சரிவில் பறித்த சீத்தாப்பழம் அந்த வண்டியில் திண்டிவனம் ரயிலடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி கூழாகி, ஓலைப்பாயில் ஒழுகிப் போகும். அப்படிப்பட்ட நாளில் பாரம் ஏற்றி அனுப்பும் பொறுப்பை ஏற்றீர்கள். இன்றோ விழுப்புரத்துக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று மாலைதோறும் மூன்று லாரிகள் செஞ்சிக் கடைத்தெருவைக் குலுக்கிக்கொண்டு புறப்படுகின்றன. கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்றச் சொன்னவர் நீங்கள். ஈரச்சாக்கு எதற்கு, காய்ந்த வைக்கோல் எதற்கு என்று கற்பித்தவர் நீங்கள். அடைமழையில் தார்ப்பாயைப் பழத்தின்மேல் போர்த்திவிட்டு வெறுந்தலையோடு நின்றவரும் நீங்களே.

அனைத்தினும் மேலாக, தழை வைக்கும் முறையைக் கண்டவர் நீங்கள். சீட்டு எழுதி ஒட்டினால் நனைந்து கிழிகிறது. நனையாவிட்டாலும் பாரம் ஏற்றும் எங்களில் பாதிப்பேருக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆகையால் ஊருக்கு ஒரு தழை என்று வகுத்தீர்கள். தோலிலுள்ள கண் நன்றாக விரிந்து நாளைக்கே பழுத்துவிடும் சீத்தாக்காய் பக்கத்திலுள்ள விழுப்புரத்துக்கு. அந்தக் கூடைக்கு ஆவாரந்தழை. அதற்கடுத்த பதம் புதுச்சேரிக்கு, அதற்குப் புங்கந்தழை. கல்லாய்க் கிடக்கும் காய் சென்னைக்கு, அதற்கு வேப்பந்தழை. பச்சை நிறத்தில் இத்தனை வேறுபாடு இருப்பதை எங்கள் கண்களுக்குப் பழக்கிவிட்டீர்கள். அதன்பின் ஊர் மாறி ஏறிய கூடை கிடையாது, ஒரே ஒரு நாளைத் தவிர.

அந்த நாளுக்குத்தான் வருகிறோம்.

மீனம்பாள் அம்மையார் காலமான பிறகு உங்களுக்கு உறவென்று மிஞ்சியது ஒரே மகள் சாந்தி. சென்னையில் இராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். அந்த ஊருக்குப் போகும் லாரியைத் தினந்தோறும் ஏற்றி அனுப்பினீர்கள். மகளுக்கென்று ஒரு சிறு கூடையும் கூடவே அனுப்பினீர்கள். நீங்கள் மட்டும் போகவில்லை. அழைத்தபோதெல்லாம் பழம் காத்திருக்காது என்றீர்கள். பேரனுக்குக் காது குத்தல் வந்தது. மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லாத குழந்தை; தாத்தாவின் மடிதான் வேண்டும் என்று சாந்தி சொல்லி அனுப்பினார். சரி, முதல் நாள் மாலை லாரியிலேயே வருகிறேன் என்றீர்கள். அந்த மாலை காய் தரம் பிரித்து, தழை வைத்து முடித்து, சலவைச் சட்டை மாற்றிக்கொண்டு வர உங்கள் அறைக்குப் போனீர்கள்.

அன்று ஆவணி அமாவாசைக்கு மறுநாள். நம் கோவிந்தராஜ் மேல்மலையனூர் போய் அம்மனைத் தரிசித்துவிட்டு, ஒரு கட்டு வேப்பிலையும் தோளுமாக மண்டிக்குள் நுழைந்தார். கூடைகளில் வாடிக் கிடந்த தழைகளைப் பார்த்தார். பக்தி பொங்கியதில் தழைக்கணக்கு மறந்துபோயிற்று. அத்தனை தழையையும் எடுத்து வீசிவிட்டு, கூடைக்குக் கூடை வேப்பிலை செருகினார். மற்றவர்கள் நீங்கள் பழக்கிய பழக்கம் மாறாமல், வேப்பிலை கண்ட கூடையையெல்லாம் சென்னை லாரியில் ஏற்றிக் கயிறும் கட்டினார்கள்.

நீங்கள் சலவைச் சட்டையோடு வந்து நின்றீர்கள். மற்ற இரண்டு லாரிகளும் காலி.

"இன்னாடா இது, எல்லாம் மெட்ராஸா?"

"ஆத்தா வேப்பிலை ஐயா," என்றார் கோவிந்தராஜ் பெருமையோடு. "ஒரு கூடை உடாம நானே வெச்சேன்."

"ஆத்தாளுக்கு விழுப்புரத்துல வேண்டியவங்க யாருமே இல்லியாடா?" என்றீர்கள்.

நாங்கள் சிரித்தோம். நீங்கள் சட்டையைக் கழற்றி லாரிக் கண்ணாடியில் மாட்டினீர்கள். கயிற்றை அவிழ்த்து, கூடைகளை இறக்கி, ஒவ்வொரு காயாக அழுத்திப் பார்த்து மறுபடியும் பிரிக்கத் தொடங்கினீர்கள். சென்னைக்கு உரியதை முதலில் எடுத்து ஏற்றினீர்கள். மீதி மலைபோல் கிடந்தது. டிரைவர் பச்சைமுத்து கூப்பிட்டார்.

"நேரமாவுது, ஏறுங்க ஐயா."

"இத்த உட்டுட்டு எங்க ஏர்றது? நீ கெளம்பு. காலைல பஸ்ல வந்துடறன்னு சாந்திகிட்ட சொல்லிடு."

காலையில் பனமலையிலிருந்து தக்காளி வந்து இறங்கியது. பஸ் போய்விட்டது.

இதுவரை நீங்கள் அறிந்த கதை. இனிமேல் வருவது பச்சைமுத்து எங்களிடம் மட்டும் சொன்னது.

இராயபுரத்து வீட்டில் உங்களுக்காக வெகுநேரம் காத்திருந்தார்களாம். காது குத்த வந்த பத்தர், "நல்ல நேரம் போவுதும்மா, மொறைக்கு யாரையாச்சும் உக்கார வைங்க," என்று அவசரப்படுத்தினாராம். சாந்தி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துவிட்டு, கூடையோடு ஓரமாக நின்ற பச்சைமுத்துவிடம் வந்தாராம்.

"அண்ணே, நீங்க உக்காருங்க."

"நானா? சட்டையெல்லாம் கிரீஸும்மா."

"பரவால்ல. வந்தவரு நீங்கதான."

உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். குத்தி முடிந்து அழுது ஓய்ந்த பிறகு, அந்தப் பிள்ளை அவர் மீசையைப் பிடித்து இழுத்து, "தாத்தா" என்றானாம். சாந்தி அவனைத் திருத்தவில்லையாம்.

பச்சைமுத்து புறப்படும்போது சாந்தி கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எந்தக் காய் எத்தினி நாள் தாங்கும்னு எங்க நைனாவுக்குத் தெரியும். நான் எத்தினி நாள் தாங்குவன்னு தெரியாது. இனிமே கூடை வேணாம்ணே. வந்தா அவரு வரட்டும்."

அதை உங்களிடம் சொல்லப் பச்சைமுத்துவுக்கு வாய் வரவில்லை. வீடு பூட்டியிருந்தது என்று பொய் சொன்னார். அடுத்த லாரியில் மறுபடியும் கூடை அனுப்பினீர்கள். அதுவும் திரும்பி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒரு வீடு எத்தனை நாள்தான் பூட்டியிருக்கும்? நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுகள் சில ஆகியும் அனுப்புவதை நீங்கள் நிறுத்தவில்லை. நேற்று மாலையும் ஒரு கூடை போயிற்று. இன்று காலை வந்தது. திரும்பிய கூடையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, தராசைத் துடைக்கப் போய்விடுவீர்கள். நாங்கள் தின்போம். பழம் தேனாய்த்தான் இருக்கும். லாரிகள் போன பிறகு முற்றத்தில் வைக்கோலைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, நீங்கள் தனியே தூக்குச்சட்டியைத் திறப்பதைப் பார்த்தபடி வீடுகளுக்குப் போவோம். கோவிந்தராஜ் இன்றளவும் கோயிலிலிருந்து வேப்பிலை கொண்டு வருவதில்லை.

ஐயா, இன்றோடு உங்கள் பணி முடிகிறது. மண்டிக்கு எதிரில் வேதநாயகி அம்மாள் வீட்டு மாடியறையை வாடகைக்குக் கேட்டீர்களாம். ஏன் என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, லாரிச் சத்தம் காதில் விழும் என்றீர்களாம். கோபித்துக்கொள்ளக் கூடாது: அறையைக் கொடுக்க வேண்டாம் என்று நாங்களே போய்ச் சொல்லிவிட்டோம். அந்த அம்மாளும், "நான் கூட அதான் நெனச்சன். அந்த மனுசன் சன்னல்ல நிக்கறத தெனமும் பாக்க என்னால முடியாது," என்றார்.

போன வாரம் பச்சைமுத்து இராயபுரம் போய், நீங்கள் ஓய்வு பெறும் செய்தியைச் சாந்தியிடம் சொன்னார். அவர் நம்பவில்லை. "நைனாவா? மண்டிய உட்டா?" என்றாராம். பிறகு, "ராத்திரில சரியா சாப்டறாரா?" என்றாராம். பச்சைமுத்து இதுதான் சமயமென்று, ஐயா வருவதாகச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

"சொல்லாதீங்கண்ணே," என்றாராம் சாந்தி. "வரேன்னு சொன்னா பையன் தெருமொனைல போயி நிப்பான். முன்ன நான் நின்னேன், போதும். வந்தா வரட்டும்."

ஆகையால், ஐயா, அங்கே யாரும் உங்களை எதிர்பார்த்து நிற்கவில்லை. நாங்கள் சொல்லி அனுப்பவுமில்லை. சாந்தி என்ன சொல்வார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுத மனம் வரவில்லை. முகம் திருப்பிக்கொண்டாலும் கொள்வார். திருப்பிக்கொண்டால் வாசலிலேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். லாரிக்காக எத்தனையோ மாலை நின்ற கால்கள்தாமே. இதோ, சென்னை லாரி ஏற்றி முடிந்து தெருவில் நிற்கிறது. தரம் நாங்கள் பிரித்தோம். தவறியிருந்தால் சந்தைக்காரர் எங்களைத் திட்டட்டும். டிரைவர் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. கூடை ஒன்றும் வைக்கவில்லை. இந்த ஒரு முறை வெறுங்கையோடு போங்கள்.

நல்லவரே, நீண்ட நாள் நோயின்றி இருங்கள். நீங்கள் போய் நிற்கும் வீட்டில் அரிசிப்பானை குறையாதிருக்கட்டும். குழாயில் தண்ணீர் வற்றாதிருக்கட்டும். பிள்ளையின் காதுக் கடுக்கன் அவன் வளர வளரப் பெரிதாகட்டும். அவனைப் பெற்றவளின் கோபம் உங்களைத் திட்டித் தீர்க்கிற அளவுக்காவது வாய்திறந்து வரட்டும். திட்டி முடித்த கையோடு அவள் உங்களுக்கும் ஓர் இலை போடட்டும். அந்த வீடு நன்றாயிருக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் கைபிடித்துத் தழையறிந்த
ராஜகோபால் பழமண்டித் தொழிலாளர்கள்,
செஞ்சி, புரட்டாசி 1966.