செந்தாமரை வைத்த புள்ளி

கம்பெனி நடத்துகிறவன் முதலில் பழக வேண்டியது, வேலை செய்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. என் ஷெட்டில் இருபது பேர். கூட்டிப் பெருக்குகிற கிளியம்மாள் வரை எல்லோர் பெயரும் எனக்குத் தெரியும், யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதும் தெரியும். ஒரகடத்தில் நான் ஷெட் போட்டபோது சிரித்தவர்கள் நிறையப் பேர், இன்ஸ்பெக்டர் சார். இந்தப் பொட்டலில் எவன் ஸ்டெபிலைசர் செய்வான் என்றார்கள். நான் செய்தேன்.

ஸ்டெபிலைசர் பெரிய வித்தை இல்லை. ஏறி இறங்கும் கரண்டைச் சீராக்கும். அளவுக்கு மீறி ஏறினால், உள்ளே இருக்கும் ரிலே இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த ரிலே வெளிநாட்டுச் சரக்கு. இந்த வருஷம் இறக்குமதிக்குக் கொடுக்க நாட்டிலேயே டாலர் இல்லை. பாங்க் கையை விரித்துவிட்டது. பாதிப் பெட்டிகள் ரிலே இல்லாமல் ரேக்கில் தூங்கின. வெயில் காலம் முடிவதற்குள் சரக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மெட்ராஸ் டீலர். அவர் போனால் கம்பெனியே போச்சு.

டெஸ்டிங் செய்வது செந்தாமரை. எங்கள் தொழிலில் சோதித்து முடித்த பெட்டியின் திருகில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பார்கள். பிறகு யாராவது திறந்தால் அது உடைந்து காட்டிக்கொடுக்கும். அவள் புள்ளி அடர் ரோஜா நிறம். அது இருந்தால் டீலர் பெட்டியைச் சோதித்துப் பார்க்காமலே எடுத்துக்கொள்வார்.

ரிலேவுக்குப் பதிலாக ஒரு செப்புக் கம்பி வைத்தால் பெட்டி ஓடுமே என்று அவளிடம் சொன்னேன்.

"ஓடும் சார். வோல்டேஜ் எகிறுச்சுன்னா கட் ஆவாது. இன்னா சார், வூட்டுல வெக்கிற பொருளு. நான் புள்ளி வெக்கமாட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. தலைவனாக இருப்பவன் கீழே இருப்பவர்களின் மனசாட்சியோடு மோதக் கூடாது. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போக வேண்டும் என்று பெண்கள் கேட்டிருந்தார்கள். வேன் வைத்து எல்லோரையும் அனுப்பினேன். கம்பெனிக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொன்னேன். முந்தின நாளே சிங்கப்பெருமாள் கோவில் கடைத்தெருவில் அதே ரோஜா நிறத்தில் ஒரு பாட்டில் நெயில் பாலிஷ் வாங்கியிருந்தேன். "வூட்டம்மாவுக்கா சார்?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். அன்று பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்து கம்பி வைத்தேன், மூடினேன், புள்ளி வைத்தேன். அவள் பாஸ் செய்திருந்த நல்ல பெட்டிகளோடு கலந்து அனுப்பிவிட்டேன். ரிலே இல்லாததெல்லாம் கோடவுனுக்குப் போய்விட்டது என்று மறுநாள் சொன்னபோது செந்தாமரை எனக்குத் திருநீறு கொடுத்தாள்.

மறைமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ரகுபதி அதில் ஒன்றை வாங்கினார். ஒரு மதியம் வோல்டேஜ் ஏறியது, பெட்டி துண்டிக்கவில்லை, கடை பற்றிக்கொண்டது. மெஷினைக் காப்பாற்ற உள்ளே ஓடிச் செத்துப்போனார். உள்ளே ஓடச் சொன்னது நான் இல்லை. டீலரிடம் மிச்சமிருந்த பெட்டிகளை நீங்கள் பிரித்தீர்கள். சிலவற்றில் ரிலே இல்லை. எல்லாவற்றிலும் ரோஜாப் புள்ளி. அவளை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தீர்கள்.

அதற்கு முன் அவள் என்னிடம் வந்து அழுதாள். "அவசரத்துல நான்தான் பாக்காம வெச்சிட்டேன் போல கீது சார். ஒரு உசுரு போச்சே."

எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. மனுஷனுக்குத் தப்பு வரும்மா, வக்கீல் வைக்கிறேன் என்றேன். அவள் உள்ளே போனால் ஒரு குடும்பம் தவிக்கும். நான் போனால் இருபது குடும்பம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அப்படியே விட்டிருப்பேன். இன்று காலை அவள் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். முதலாளிக்கு ஒண்ணும் தெரியாது, அவர் எங்களை நம்பிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். நீங்களும், "பாவம் தசரதன் சார் நீங்க, உங்க கம்பெனில இன்னா நடக்குதுன்னே உங்களுக்குத் தெரியல" என்றீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை. கம்பியும் நான் வைத்ததுதான், புள்ளியும் நான் வைத்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள். என் கம்பெனியில் எனக்குத் தெரியாமல் ஒரு துரும்பும் அசைந்ததில்லை. வாங்கியவர்கள் விலாசம் எழுதி அனுப்பும் கியாரண்டி கார்டுகள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வருகின்றன. மீதிப் பெட்டிகள் எந்தெந்த வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதுகூட எனக்குத் தெரியும்.