சிவக்காத தட்டு

அம்பத்தூரில் ஏறிய இருவரும் ஆவடி லோக்கலில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். சின்னவள் கழுத்தில் ஆய்வுக்கூட அட்டை, மூத்தவள் மடியில் கீரைக்கட்டு.

"என்கூட வேலை பாக்கறாளே, அவ வளத்த செல்லு எலும்பாவுதுக்கா. எனக்கு வயிறு எரியுது."

"புரியற மாதிரி சொல்லுடி."

"மனுஷ ஸ்டெம் செல்லுக்குள்ள எலும்பு உண்டாக்குற ஜீனை அனுப்பறோம். எனக்கும் அவளுக்கும் அதே செல்லு, அதே ஜீன். சாயம் ஊத்துனா எலும்பு வந்த எடம் செவக்கும். இன்னிக்கு அவ செல்லு வளர்ற தட்டு மருதாணி வச்ச கையாட்டம் செவந்துச்சு. ஆளாளுக்குப் போட்டோ எடுக்கறாங்க. என்னுது வெளுத்துப் போய்க் கெடக்கு."

"அவ நல்லா பாத்துகினா போல."

"அவளா? தங்கச்சி கல்யாணம்னு ஊருக்குப் போயிட்டா. அவ தட்டுக்கும் தீனி மாத்தி ஊத்துனது நான்தான். ஞாயித்துக்கெழமகூட ஓடுனேன்."

"அப்ப உன் தட்டு?"

அண்ணனூரில் வண்டி நின்றபோது சின்னவள் கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"அடுத்தவளோடதாச்சேன்னு அதை ஒருநாள்கூடத் தப்ப விடல. நம்மளோடதுதானேன்னு இதை நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

அக்கா கீரைக்கட்டை மடியில் நகர்த்தி வைத்தாள்.

"ஊர்லருந்து வந்து கல்யாண லட்டு குடுத்தாக்கா."

"சாப்ட்டியா?"

"ரெண்டு."