எடுத்துக்குங்க, சார்

மாலை ஏழு மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சலவைக்கூடத்தைத் தாண்டிப் போகிற சாலை. ஒரே ஒரு விளக்கு... அதுவும் மனசு வைத்தால்தான் எரியும். அந்த வழியாக மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள் என் சிநேகிதனுடைய தங்கை. டாக்டர். கேலி செய்கிறவர்கள் இப்போதே செய்துவிடுங்கள். அப்புறம் வாய் வராது.

குடலிறக்கம் தெரியும்தானே? வயிற்றுச் சுவரில் ஓட்டை விழுந்து குடல் பிதுங்கும். முன்பெல்லாம் வயிற்றைக் கிழித்துத் தைப்பார்கள். இப்போது விரல் நுழைகிற துளைகள் போதும். ரோபோ கைகள் உள்ளே போய் ஓட்டையின் மேல் வலைத்துண்டு வைத்துத் தைக்கும். டாக்டர் தள்ளி உட்கார்ந்து, ஒரு பெட்டிக்குள் முகத்தைப் பதித்து, விரல்களை வளையங்களில் மாட்டி அந்தக் கைகளை ஆட்டுவார்.

கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு பெட்டி, வாத்தியாருக்கு ஒரு பெட்டி. ரோபோ ஒரு நேரத்தில் ஒருவர் பேச்சைத்தான் கேட்கும். அதனால் ஆள் மாறும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திணறினால் இவள், "எடுத்துக்குங்க சார்" என்பாள். "எடுத்துக்கிட்டேன்மா" என்பார் அவர். முடித்ததும், "இந்தா, குடுத்துட்டேன்." அந்த வார்த்தை வராமல் வளையத்தைத் தொடக்கூடாது.

பொல்லாத மனுஷர். எடுத்ததை லேசில் திருப்பித் தர மாட்டார். அந்த மழை நாளுக்கு ஒரு மாதம் முன்னால்தான், தன் பெட்டியில் முகம் பதித்தபடியே போய்ச் சேர்ந்தார். வெகுநேரம் யாருக்கும் தெரியவில்லை. உற்றுப் பார்க்கிறார் என்றே நினைத்தார்கள்.

அந்த மழை நாளுக்கு மறுநாள் இவளுக்குத் தேர்வு. ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவள். இதுவும் போனால் பயிற்சியை விட்டே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பயிற்சி அறையில் மகளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பயிற்சிக்கான ரப்பர் வயிற்றின் மேல் ரோபோவை இறக்கினாள். முகத்தைப் பெட்டிக்குள் பதித்தாள்.

நூல் நழுவியது. மறுபடி நழுவியது. அலுப்பு... அந்த அலுப்பில், பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எடுத்துக்குங்க சார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சிரிப்புகூட வந்ததாம்.

காதருகே ஒலிபெருக்கி கரகரத்தது.

"எடுத்துக்கிட்டேன்மா."

ங்ஙீ... என்று மோட்டார் முனகியது. வளையங்கள் விரல்களை இறுக்கின. ஊசி தானாகப் புகுந்து, தானாக வெளியே வந்தது. என்ன அழகான தையல்! இவள் கைகளும் அதன் கூடவே ஆடின. இழுத்துப் பார்த்தாள்... வரவில்லை. தலையை எடுக்கப் பார்த்தாள். பிடரியில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. குளிர்ந்த கை. ஸ்பிரிட் வாசனை.

கண்முன்னால் ரப்பர் வயிற்றின் சிவப்பு ஓட்டை மட்டும்தான். அது கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தது.

"அம்மா... வீட்டுக்குப் போலாமா?"

"இரு கண்ணு." "சார், குடுங்க சார்."

ஒலிபெருக்கியில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும்.

"என் பொண்ணு நிக்கிறா சார்... விட்டுடுங்க..."

தையல் முடிந்தது. உடனே பிரித்தது. முதலிலிருந்து தைக்க ஆரம்பித்தது. மகள் புடவையைப் பிடித்து இழுத்து அழுகிறாள். ஒரு கையைக்கூட அவள் பக்கம் நீட்ட முடியவில்லை. பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

குழந்தை வீறிட்ட சத்தத்தில் காவலாளி ஓடிவந்து மின்சாரத்தை அணைத்தார். இவள் அப்படியே சரிந்து விழுந்தாள். வாத்தியாருடைய பெட்டியைத் தொட்டுப் பார்த்தார் அவர். எங்கும் தூசி. நெற்றி பதிகிற இடம் மட்டும் ஈரம்... வெதுவெதுப்பு.

மறுநாள் தேர்வில் இவள்தான் முதல். "வாத்தியார் கை அப்படியே வந்திருக்கு" என்று எல்லோரும் பாராட்டினார்கள். இன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் இவளுக்கு மிஞ்சி ஆளில்லை. கத்தியைப் பிடித்தால் ஒரு நடுக்கம் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடிவந்து, தூக்கு என்று நிற்பாள். இவள் உடனே தூக்குவதில்லையாம். கைகள் இரண்டும் மடியில் அப்படியே கிடக்குமாம். கண் கலங்கி, மெதுவாகக் கேட்பாளாம்.

"சார்... ஒரு நிமிஷம் குடுங்க."

சில நாள் கொடுக்கிறாராம்.