ஓரவஞ்சனை இல்லாத பங்கீடு

எனக்கு ஓரவஞ்சனை பிடிக்காது, ஐயா. பந்தியில் பரிமாறும்போதுகூட முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் வடை ஒரே அளவாகப் போகிறதா என்று பார்க்கிறவன் நான்.

நோயாளிகளுக்கு உதவும் எங்கள் சங்கத்துக்கு வவுனியாவில் ஒரு மின்னஞ்சல் சேவையகம், கிளிநொச்சியில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கும் வேலை என்னிடம் வந்தது. சங்கம் மின்னஞ்சல் முகவரி கொடுத்த ஆட்களின் அஞ்சல் கோப்புகள் பெயரின் முதலெழுத்துப்படி கோப்புறைகளில் கிடந்தன. நம் சனங்கள் தகப்பன் பெயரை முன்னால் எழுதுகிறவர்கள். செல்வராசா, சிவலிங்கம், சண்முகம் என்று ‘எஸ்’ கோப்புறை பிதுங்கியது. ‘கியூ’ ஈ ஓட்டியது. ‘எஸ்’ஸைத் திறக்கவே கணினி மூச்சு வாங்கியது. எல்லாரையும் எல்லாக் கோப்புறைகளிலும் சமமாகப் பரப்பினேன்.

இடையில் செல்வராசா தர்ஷன் என்ற பெயர் இரண்டாவது தடவையும் வந்தது. இந்தப் பெயரில் ஏற்கனவே ஒருவர் இருக்கிறார், அழித்துவிட்டு இதை வைக்கவா என்று கணினி கேட்டது. இடம்பெயர்ந்த காலத்திலிருந்து போன இடமெல்லாம் பதிந்து வைப்பது நம் வழக்கம். ஒரே ஆள்தான் என்று நினைத்து ஓம் என்றேன். அது பிழைதான், குற்றமில்லை.

மறுகிழமை கண்டாவளையிலிருந்து கமலேஸ்வரி அக்கா ஃபோன் எடுத்தார்.

“தம்பி, என்ரை பிள்ளை தர்ஷன்ரை மெயிலிலை ஆரோ வவுனியாப் பெடியன்ரை வேலைக் கடிதங்கள் கிடக்கு. இருதய ஒப்பரேசனுக்குத் திகதி வந்ததோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

அப்போதே விளங்கிவிட்டது. தர்ஷன்கள் இரண்டு பேர். கிளிநொச்சியின் பழைய கணினி என் அலுமாரியில்தான் இருந்தது. அதைத் திறந்தேன். கொழும்பு ஆஸ்பத்திரியின் கடிதம் அதில் பத்திரமாக இருந்தது. திகதி போட்டு, உடனே பதில் தரும்படி கேட்டிருந்தார்கள். அதை அனுப்பியிருந்தால் போதும். ஆனால் எப்படித் தொலைந்தது என்ற கேள்வி வரும். அன்று காலைதான் சங்கத் தலைவர் எல்லார் முன்னாலும் என் வேலையைப் புகழ்ந்திருந்தார்.

“இன்னும் வரேல்லை அக்கா. வந்தால் சொல்லுறன்,” என்றேன்.

அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் அதையே சொன்னேன். பதில் வராததால் ஆஸ்பத்திரி அந்தத் திகதியை வேறொருவருக்குக் கொடுத்தது. பழைய கணினியில் இருந்ததை நான் முழுதாக அழித்தேன். மழைக்காலம் முடியுமுன் தர்ஷன் செத்துப்போனான். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, நம்பினால் நம்புங்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குப் போனேன். “எங்களுக்காக எவ்வளவு ஓடித்திரிஞ்சனீங்கள் தம்பி,” என்று அக்கா என் கையைப் பிடித்து அழுதார். வாளியை வாங்கி நானே பரிமாறினேன். தர்ஷனுக்குப் படைத்த இலைக்கும் மற்ற இலைகளுக்கும் ஒரே அளவுதான் வைத்தேன். அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை, ஐயா.