அடைக்கக் கூடாது

— பேரு சொன்னா பாதிப் பேருக்குத் தெரியாது. சுருட்டைன்னு சொன்னாதான் தெரியும். வயசு இருபத்திமூணு. இப்ப மூணாம் மாடிப் படிக்கட்டுல, தீக்கதவுகிட்ட நிக்கிறேன் முற்றுப்புள்ளி. இந்தக் கதவு விஷயமா எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்...

— டேய் சுருட்டை, தனியா நின்னு யாருகிட்டடா பொலம்புற?

— போன்கிட்ட மாமா. நான் பேசப் பேச அதுவே எழுதிக்கும், 'முற்றுப்புள்ளி'ன்னு சொன்னா புள்ளியும் வைக்கும். முடிச்சதும் கட்டட குரூப்புல போடணும்.

— கிழிஞ்சுது. முதல்ல அதை நிறுத்து. நாலு மணிக்குக் கட்டடத்தைச் சோதிக்க அந்தத் தீயணைப்புத் துறை அம்மா வர்றாங்க. அதுக்குள்ள பன்னெண்டு கதவுலயும் முட்டுக் கொடுத்திருக்கற கட்டையை எடு, நீ ஒட்டின தாளைக் கிழி. கதவு சாத்தியிருக்கும், அவங்க டிக் போடுவாங்க, போயிடுவாங்க. அவ்வளவுதான் கதை.

— போனப்புறம்?

— அப்புறம் என்ன, டீ குடிப்போம்.

— அதில்ல மாமா. நாளைக்குக் காலையில ஜனங்க மறுபடியும் கட்டையை வைப்பாங்க. வைக்கச் சொன்னதே நான்தானே.

— நீ எங்கடா வைக்கச் சொன்ன? 'தீக்கதவை அடைக்கக் கூடாது'ன்னுதானே எழுதின?

— ஆமா. சைக்கிள், அட்டைப்பெட்டி, பழைய மெத்தைன்னு நிறுத்தி வழியை அடைக்கிறாங்களேன்னு எழுதினேன். படிச்சவங்க கதவைச் சாத்தக் கூடாதுன்னு எடுத்துக்கிட்டாங்க. வழியை அடைச்சாலும் 'அடை'தான், கதவைச் சாத்தினாலும் 'அடை'தான். எழுதும்போது இந்த மண்டையில ஏறல மாமா.

— இந்தக் கட்டடத்துல தாள்ல போட்டதை ஜனங்க மதிச்சது இதான் முதல் தடவை. அதுவும் தலைகீழா. உனக்கு ராசி மாப்ளே.

— சிரிக்காதீங்க. நேத்து மத்தியானம் கீழ சமையல்கூடத்துல எண்ணெய்ச் சட்டி புகைஞ்சுதே, அப்ப நான் நாலாம் மாடியில பெருக்கிட்டிருந்தேன். கீழ யாரோ கத்தினாங்க. விளக்குமாத்தைச் சுவத்துல சாய்ச்சுட்டுத் திரும்பறேன், அதுக்குள்ள புகை மேல வந்துடுச்சு. அக்கா பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வந்து, எந்தப் பக்கம் இறங்கறதுன்னு தெரியாம நின்னா.

— எங்கிட்ட சொல்லவே இல்லையே அவ.

— சொன்னா நீங்க கத்துவீங்கன்னு சொல்லல. கதவு சாத்தியிருந்தா புகை ரொம்ப நேரம் அந்தப் பக்கமே நிக்குமாம். அந்தத் தீயணைப்பு அம்மா அனுப்பின விதியில போட்டிருக்கு. தீக்கதவுன்னா நாம தப்பிச்சு ஓடற கதவுன்னு நெனச்சேன் மாமா. இல்லை. நெருப்பை வராதேன்னு நிறுத்தற கதவு.

— சரி, இப்பத் தெரிஞ்சுக்கிட்டல்ல. சாத்திட்டுப் போ. எதுக்குத் தம்பட்டம் அடிக்கணும்?

— இந்த ஆபத்து மதிப்பீட்டுத் தாளைப் பாருங்க. 'என்ன ஆபத்து, யாருக்கு ஆபத்து, குடியிருக்கறவங்களுக்குச் சொன்னீங்களா'ன்னு வரிசையா கேக்குது. நீங்க 'ஆபத்து எதுவும் இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்தே போட்டு வச்சிருக்கீங்க.

— எல்லா வருஷமும் அதான் எழுதி அனுப்புறேன். ஆள் நேர்ல வர்றதுதான் புதுசு. கேளு மாப்ளே. சட்டப்படி இந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பாளர் நான். நீ குரூப்புல போடுவ, நாப்பத்தாறு பேர்ல ஒருத்தன் அதை அந்தம்மாகிட்ட நீட்டுவான். எனக்கு வேலை போகும். வேலையோட கொடுத்த வீடும் போகும். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நடுத்தெருவுல நிப்போம். உன்னை ஊர்லேருந்து இங்க வேலைக்கு வரவழைக்க எத்தனை பேர் காலைப் பிடிச்சேன் தெரியுமா?

— தெரியும் மாமா, மறக்கல. அதான் 'தாள் ஒட்டினது நான், தப்பு என்னோடது, மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு போடப் போறேன். அவசரத்துல ஒரு எழுத்தைத் தொட்டா வேற எழுத்து விழுது. அதான் பேசறேன். ஆனா போடாம விடமாட்டேன்.

— உன்னை ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்கடா.

— பயமாத்தான் இருக்கு. அனுப்பட்டும்.

— பெரிய இவன். இங்க பாரு, கட்டையை எடுத்துட்டேன். சாத்திட்டேன். ஆச்சா?

— இப்பத் திறந்துட்டு இந்தப் பக்கம் வாங்க.

— வந்தேன்.

— திரும்பிப் பாருங்க. காத்துக்கு ஆடிக்கிட்டுத் திறந்தே நிக்குது. விட்டா தானா சாத்திக்கணும்ங்கறதுதான் சட்டம். மேல ஒரு இரும்புக் கை இருந்து இழுக்குமாம். நம்ம கதவுல அந்த இடத்துல வெறும் நாலு திருகாணி ஓட்டை. பன்னெண்டுலயும் பாத்துட்டேன். நான் வர்றதுக்கு முன்னாடியே யாரோ கழட்டியிருக்காங்க.

— அதையும் போடப் போறியா?

— போடணும். ஆனா யாருன்னு தெரியலையே. ஓனர் கழட்டச் சொன்னாரா?

— ஓனர் இந்தப் படியே ஏறினதில்ல.

— அப்ப யாரு? மாமா? ஏன் படியில உக்காந்துட்டீங்க? தண்ணி எடுத்துட்டு வரவா?

— பாப்பா பொறந்த புதுசு. யாரு போனாலும் வந்தாலும் அந்தக் கை இழுத்துக் கதவு டமார் டமார்னு அடிச்சுக்கும். பாப்பா கண்ணை மூடும், டமார், வீல்னு கத்தும். கூடவே உங்க அக்காவும் உக்காந்து அழுவா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல.

— மாமா...

— போனை இப்படிக் கொடு. எதைத் தொடணும், இதுவா? கட்டடத்துல குடியிருக்கற எல்லாருக்கும் சொல்றேன். சுருட்டை ஒட்டின தாள்ல ஒரு வார்த்தைதான் தப்பு. பன்னெண்டு கதவையும் தானா சாத்தற இரும்புக் கையைக் கழட்டினது நான், உங்க பொறுப்பாளர். புதுசு மாட்டற வரைக்கும், போறப்பவும் வர்றப்பவும் கதவைக் கையால இழுத்துச் சாத்துங்க, தயவுசெஞ்சு.