மதகைத் திறக்கலாமா என்று கேட்டீர்கள்

உப்புக்காற்றையே உறவாக்கிக்கொண்ட ஓடைக்கரை இறால் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர், மதிப்பிற்குரிய ஆத்மநாதன் அய்யா அவர்களே! மணமேல்குடி மண்ணோடு மல்லுக்கட்டி வாழும் மாண்புமிக்க பெரியோர்களே! அடுப்பையும் குட்டையையும் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! அனைவருக்கும் இந்த ஞானசெல்வியின் நடுங்கும் வணக்கம்.

ஆம், நடுங்கும் வணக்கம்தான். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். முன்வரிசை அண்ணன் சோடா நீட்டுகிறார். நன்றி அண்ணே, பேசி முடித்துவிட்டுக் குடிக்கிறேன்.

நான் ஆவூர்ப் பெண். பல்கலைக்கழகத்தில் கடல் நுண்ணுயிர்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நாலு சுவருக்குள் கற்றது நாலு பேருக்குப் பயன்படுமா என்று பார்க்க, ஆறு மாத அனுமதி வாங்கிக்கொண்டு உங்கள் சங்கத்துக்கு ஆலோசகராக வந்தேன். வந்த அன்று எனக்குப் பயமே இல்லை. பயப்படத் தெரியாமல் வந்ததுதான் என் முதல் பிழை!

மாசி மாதம், இதோ இரண்டாம் வரிசையில் இருக்கும் முத்துமாரியம்மாள் அம்மா என்னிடம் வந்தார். "ஓடத் தண்ணிய குட்டைக்குள்ள விடலாமா, வேணாமா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க" என்றார். ஓடையில் பிடித்த பத்து நண்டுகளைச் சோதித்திருந்தேன். இரண்டில், நண்டு வழியாக இறாலுக்குப் பரவும் வெண்புள்ளி நோய்க்கிருமி இருந்தது. நான் ஒற்றை வார்த்தை சொன்னேனா? இல்லை! பதினோரு பக்க அறிக்கை எழுதினேன். படம் போட்டேன், பட்டியல் போட்டேன், கடைசி வரியில் "மேலும் ஆய்வு தேவை" என்று போட்டேன்.

ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் முடிப்போம். அது எங்கள் பழக்கம், எங்கள் பாதுகாப்பு. சங்கத்தில் அதை எப்படிப் படித்தார்கள்? "ஆபத்துன்னா அந்தப் புள்ள எழுதியிருக்குமே! இன்னும் படிக்கணும்னுதான எழுதியிருக்கு? அது படிக்கட்டும், நாம தண்ணிய விடுவோம்." படித்தவர்கள் மேல் தவறா? எழுதியவள் மேல் தவறா? எழுதியவள் மேல்தான் அய்யா, எழுதியவள் மேல்தான்!

அம்மா குட்டைக்குத் தண்ணீர் விட்ட இருபத்திரண்டாம் நாள் காலை. அம்மா தீனித்தட்டைத் தூக்கினார். போட்ட தீனி போட்டபடி கிடந்தது. மறுநாள் இறால்கள் கரையோரம் ஒதுங்கின. ஒன்றை எடுத்து ஓட்டைக் கழற்றி வெயிலில் பிடித்தேன். வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நாலே நாளில் குட்டை முழுவதும் செத்து மிதந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அன்று முதல் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

நாளை மறுநாள் அமாவாசை. கடலேற்றத்தில் ஓடை நிரம்பும். பதினோரு குடும்பங்கள் மதகைத் திறக்கக் காத்திருக்கின்றன. நேற்று மீண்டும் பத்து நண்டுகளைச் சோதித்தேன். ஒன்றில் கிருமி இருக்கிறது. ஒன்றே ஒன்றில்! இதை வைத்து முடிவு சொன்னால் எந்தப் பேராசிரியர் ஒப்புக்கொள்வார்? வேண்டாம் என்று நான் தடுத்து, நோயே வராமல் போனால்? உங்கள் போகம் தள்ளிப்போகும், பழி என் தலையில் விழும். வாயை மூடிக்கொண்டிருந்து, நோய் வந்தால்? பதினோரு குட்டைக்கரையிலும் அதே கேள்வி என்னைப் பார்த்து நிற்கும்.

யாரங்கே, பின்னால்? "அப்ப என்னதாம்மா சொல்ல வாரே?" என்கிறார். நல்லாக் கேட்டீங்க அண்ணே! இதைத்தான் மாசியில் அம்மாவும் கேட்டார்.

பயந்துகொண்டேதான் சொல்கிறேன். பாதி உறுதியோடுதான் சொல்கிறேன். ஆனாலும் பதினோரு பக்கம் எழுதாமல் சொல்கிறேன். மதகைத் திறக்காதீர்கள்! அடுத்த கடலேற்றம் வரும் பௌர்ணமிக்கு முன் மறுபடி சோதிப்பேன். அதுவரை திறக்காதீர்கள்!

முத்துமாரியம்மாள் அம்மா எழுந்து நிற்கிறார். என்னம்மா? ... "கடைசி வரிசைக்குக் கேக்கல ஆத்தா, மைக்கக் கிட்ட வச்சுச் சொல்லு" என்கிறார்.

சொல்கிறேன் அம்மா. வேண்டாம்!

என் அனுமதி இந்த வாரத்தோடு முடிகிறது. ஆனாலும் பௌர்ணமிவரை நான் இங்கேதான் இருப்பேன். என் வார்த்தை பொய்த்தால் நேரே என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். நடுங்கியவளைப் பொறுத்து, அமர்ந்து கேட்ட நெஞ்சங்களுக்கெல்லாம் என் நன்றி, வணக்கம்.