ஹோல்ப்ரூக்கின் முட்டியும் ஆர்வில்லின் இடுக்கியும்

— சத்தியமாச் சொல்றேன் டெல்ஃபின். இந்த அடுப்பு மேல ஆணை, அதுல வேகற சாசேஜ் மேல ஆணை. நான் சொல்லப் போறதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

— சாசேஜ் மேல ஆணை வைக்காத ஆர்வில். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. அதுவே பாதிப் பொய்.

— பாத்தியா கெர்ஹார்ட்? வாயத் திறக்கறதுக்கு முந்தியே என் மச்சினிச்சி சாட்சியைக் கலைக்குது.

— கலைக்கல. அது சாசேஜைப் பத்தின கருத்து, அனுமதி உண்டு. நீ பேசறதுக்கு முன்னாடி வழக்கு என்னன்னு ஒரு தடவை படிச்சுடறேன்.

— இருக்கறது மூணு பேர், மூணு பேருக்கும் தெரியும். யாருக்குப்பா படிக்கிற?

— இருபத்தாறு வருஷம் ஹைஸ்கூல் மேட்சுக்கு விசில் ஊதினவன் நான். படிக்காம எதையும் ஆரம்பிச்சுப் பழக்கமில்ல. கேளுங்க. ஏப்ரல் மாசம் நம்ம அமெரிக்கன் ஃபுட்பால் டீமெல்லாம் வரிசையா நின்னு காலேஜ் பசங்களைப் பொறுக்கி எடுக்கும். நம்ம ஆட்டர் பே டீம் எடுக்கற பசங்கள்ல நாமளும் ஆளுக்கு ஒருத்தனைத் தத்தெடுக்கறோம். அவன் பேரை டெல்ஃபினோட பஸ்ஸுல பெயிண்ட்ல எழுதறோம். நவம்பர் ரெண்டாவது ஞாயித்துக்கெழமை, அதாவது இன்னிக்கு, இந்த மைதான வாசல்ல அடுப்பு வெச்சு, இருட்டறதுக்குள்ள எவன் மட்டம்னு முடிவு பண்றோம். அவனைத் தத்தெடுத்தவர் ஒரு வருஷத்துக்கு அடுப்பு இடுக்கியைத் தொடக்கூடாது.

— முப்பத்தொரு வருஷமா இடுக்கி என் கையில. ஒரு தடவைகூட விட்டதில்ல.

— முப்பத்தொரு வருஷமா நாங்க கரி தின்னுட்டு இருக்கோம், அதையும் சேத்து எழுது கெர்ஹார்ட். என் புருஷன் சாகும்போது கடைசியா கேட்டது என்ன தெரியுமா? இனிமே சாசேஜை யாராவது வேற ஆள் திருப்புவாங்களான்னு.

— அவன் கேட்டது டாக்டர் எங்கன்னு. நான் கட்டில் பக்கத்துல நின்னுட்டுதான இருந்தேன்.

— ரெண்டையும் கேட்டாரு. சரி, உன் பையனைப் பத்திப் பேசுவோம். ஹோல்ப்ரூக். முதல் சுற்றுல எடுத்தாங்க, நூத்தி நாப்பத்தஞ்சு கிலோ. எத்தனை ஆட்டம் ஆடினான்?

— அதைப் பத்தி...

— சைபர். பேரைக் கூப்பிட்டதும் மேடையில சந்தோஷத்துல குதிச்சான், முட்டி பிசகிடுச்சு. டீம் குடுக்கற தொப்பியைக்கூட உக்காந்துதான் வாங்கிக்கிட்டான். அன்னிக்கு உக்காந்தவன் இன்னும் எந்திரிக்கல.

— அப்ப உன் பையன் ட்ரெமெய்ன்? பந்து பிடிக்கறதுதான் அவன் வேலை. இந்த சீசன்ல பதினேழு பந்தை விட்டிருக்கான். போன வாரம் ஒண்ணு நெஞ்சுல பட்டுத் தெறிச்சு எதிராளி கையில போய் உக்காந்துச்சு. அந்த எதிராளி பாவம், அவன் பந்தையே பாக்கல, ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தான்.

— புதுப் பையன். தடுமாறத்தான் செய்வான். ஆனா களத்துல நிக்கறான். மழை, பனி, திட்டு எல்லாத்துக்கும் நடுவுல நின்னு, விட்டுட்டு, மறுபடியும் வந்து நிக்கறான். உன்னோட ஆளு போர்வை போத்திக்கிட்டு பெஞ்சுல சூப் குடிக்கிறான்.

— அதைத்தான் நானும் சொல்றேன். என் பையன் இந்த வருஷம் ஒரு பந்தை விட்டிருக்கானா? ஒரு தப்பு பண்ணியிருக்கானா? அவனால நாம ஒரு ஆட்டம் தோத்திருக்கோமா? டீம்ல அவனை மாதிரி மாசு மறுவில்லாத ஆட்டக்காரன் இன்னொருத்தன் இருந்தா காட்டு.

— ஆடாதவன் எப்படித் தப்பு பண்ணுவான்?

— அதுக்குப் பேருதான் கட்டுப்பாடு.

— ரெஃப்ரியா ஒரு விஷயம் சொல்லட்டுமா? என் பையன் பந்தை உதைக்கிறவன். நல்லா உதைக்கிறான். அவனைப் பத்தி இதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல.

— நல்லாத்தான உதைக்கிறான்? அதுல பேச என்ன இருக்கு?

— ஒண்ணுமில்ல. எழுதிக்கறேன். "பேச ஒண்ணுமில்ல."

— அந்தக் கடுகு சாஸை இப்படித் தள்ளு டெல்ஃபின். இப்ப நான் ஆணை வெச்ச விஷயத்துக்கு வர்றேன். ஹோல்ப்ரூக்குக்கு முட்டி சரியாயிடுச்சு. புதன்கிழமை நானே என் கண்ணால பாத்தேன்.

— எங்க?

— ஏரிக்கரையில, படகு இறக்கற சரிவுல. என் டிரக் பின்சக்கரம் சேத்துல புதைஞ்சு நின்னுச்சு. பின்னாடி படகு, படகுக்குள்ள நான் பிடிச்ச மஸ்கி மீன். மீனோட நீளத்தைச் சொல்ல மாட்டேன், சொன்னா நீ நம்ப மாட்ட.

— சொல்லு, பரவால்ல.

— படகை விட ஒரு சாண் கம்மி. அப்ப கன்னங்கரேல்னு ஒரு நிழல் என் மேல விழுந்துச்சு. மேகம்னு நெனச்சேன். நிமிந்தா ஹோல்ப்ரூக். "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னான். டிரக்கோட பின்பக்கத்தை ஒத்தைக் கையால தூக்கினான்.

— எந்தக் கால்ல நின்னு தூக்கினான்? குறிச்சுக்கணும்.

— நல்ல கேள்வி கெர்ஹார்ட். அடிபட்ட கால்ல. நல்ல கால் சும்மா தொங்கிட்டு இருந்துச்சு, ஓய்வா.

— ம். அப்புறம்?

— அப்புறம் மீன் துள்ளி எந்திரிச்சு ஏரியைப் பாத்து ஓடுச்சு.

— மீன் ஓடுச்சு.

— சரிவு இல்லையா, வழுக்கிட்டு ஓடுச்சு. ஹோல்ப்ரூக் பாஞ்சு அதைக் கக்கத்துல இடுக்கினான். ஆட்டத்துல பந்தை இடுக்கற மாதிரியேதான், மீனோட மூக்கு முன்பக்கம் இருக்கற மாதிரி வெச்சு. இடுக்கிக்கிட்டு மேட்டுல ஓடினான். எதிர்ல ரெண்டு வாத்து. ஒண்ணை இடப்பக்கமா ஏய்ச்சான், ஒண்ணை வலப்பக்கமா ஏய்ச்சான். மூணாவதா மீன்பிடி இலாகா ஆபீசர் வந்தாரு, அவரைத் தாண்டியே குதிச்சான். அந்த மனுஷன் லைசென்ஸ் கேக்கறதை மறந்துட்டுக் கை தட்டினாரு.

— உன்கிட்ட லைசென்ஸ் இருந்துச்சா?

— அந்தக் கேள்வி இந்த வழக்குல வராது. வருமா ரெஃப்ரி?

— வராது. ஆனா எழுதிக்கிட்டேன்.

— டீம் டாக்டர் ஒரு மரத்துக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் பாத்துட்டிருந்தாரு. அழுதாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடியும் அழுதாரு.

— ஆர்வில், கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏரிக்கரையில மீனோட ஓடினதுக்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. களத்துல இறங்கணும். இன்னிக்கு இருட்டறதுக்குள்ள.

— அங்கதான் வர்றேன். மீனை என் கையில குடுத்துட்டு அவனே சொன்னான். அவன் வாயாலயே. "ஐயா, என் பேரை உங்க பஸ்ஸுல எழுதியிருக்கீங்களாமே, கேள்விப்பட்டேன். உங்க இடுக்கி போகாது. ஞாயித்துக்கெழமை நான் ஆடறேன்."

— இந்த ஞாயித்துக்கெழமையா?

— இதேதான்.

— இன்னிக்கு?

— இன்னிக்குத்தான். எத்தனை தடவை கேப்ப?

— இல்ல, தெளிவா இருக்கணும்ல. கெர்ஹார்ட், எழுதிட்டியா? எங்க ஆடறானாம்?

— இதோ, இந்த மைதானத்துல. மதியம் பன்னெண்டு மணிக்கு. முதல் ஆட்டக்காரனா இறங்கறானாம். கோச் கையெழுத்து போட்ட சீட்டைக்கூட எடுத்துக் காட்டினான். மீன் வழவழப்பு பட்டதால தேதி மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்துச்சு, ஆனா படிக்க முடிஞ்சுது.

— "கோச் கையெழுத்து. இந்த மைதானம். இன்று மதியம் பன்னிரண்டு." நான் எழுதினது சரியான்னு படிச்சுப் பாத்து ஒரு கையெழுத்துப் போடு ஆர்வில்.

— போடறேன். பேனாவைக் குடு. இந்தா. என் வாழ்க்கையில இவ்வளவு தைரியமாக் கையெழுத்துப் போட்டதில்ல. கல்யாணத்தன்னிக்குக்கூட.

— அக்கா இருந்தா இதைக் கேட்டுச் சிரிச்சிருப்பா.

— சிரிச்சிருப்பா. அப்புறம் அடிச்சிருப்பா. ஏன் டெல்ஃபின், இன்னிக்கு நாமதான் முதல்ல வந்திருக்கோம் போல. ஒரு வண்டியைக் காணோம். கேட்டுல ஆளில்ல.

— ஆமா. சீக்கிரம் வந்துட்டோம்.

— இந்த ஊர்க்காரங்களுக்குச் சோம்பேறித்தனம் வந்துடுச்சு. ரெண்டு வாரம் தோத்தா வீட்டுல படுத்துக்கறாங்க. நம்மளைப் பாரு. நான் காலண்டரே வெச்சுக்கறதில்ல. காலையில உன் பஸ் ஹார்ன் அடிச்சா உள்ளூர்ல ஆட்டம். அடிக்கலைன்னா வெளியூர்ல ஆட்டம், வீட்டுல இருந்து ரேடியோ கேக்கணும். முப்பத்தொரு வருஷத்துல அந்த ஹார்ன் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்ல.

— சொன்னதில்லதான்.

— இன்னிக்கு ரெண்டு தடவை அடிச்ச. கையில இருந்த காப்பியைக்கூட வெச்சுட்டு ஓடி வந்தேன்.

— நான்தான் பாத்தேனே. ஒரு செருப்பு வீட்டுச் செருப்பு.

— உற்சாகம். என் பையன் முதல் தடவையா இறங்கற நாள். ரெஃப்ரி, தீர்ப்பைச் சொல்லிடு, நான் நிம்மதியா சாசேஜைத் திருப்பறேன்.

— தீர்ப்பு. தடுமாறினாலும் ட்ரெமெய்ன் களத்துல நின்னிருக்கான். அடிபட்ட ஹோல்ப்ரூக் இன்னிக்கு இந்த மைதானத்துல இறங்கினா ஆர்வில் ஜெயிச்சாரு, இறங்கலைன்னா டெல்ஃபின். சாட்சியோட வாக்குமூலத்தையே முழுசா நம்பி இந்தத் தீர்ப்பு. ரெண்டு பேரும் ஒத்துக்கறீங்களா?

— நூறு தடவை ஒத்துக்கறேன்.

— நானும். ஆர்வில், இடுக்கியை இப்படிக் குடு.

— எதுக்கு? பன்னெண்டு மணி ஆகட்டும், அவன் அந்தச் சுரங்க வழியில ஓடி வர்றதை உன் கண்ணால பாரு. அப்புறம் பேசு.

— சாசேஜ் கருகுது, குடு. வெங்காயமும் நானே பாத்துக்கறேன். கெர்ஹார்ட், ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட, தோள் ஏன் குலுங்குது?

— பனி. கண்ணுல பனி விழுந்துடுச்சு.

— பனியே பெய்யல. டெல்ஃபின், நீயும் ஏன் சிரிக்கிற? சரி, இந்தா, ஒரு நிமிஷம் பிடி. ஆனா எழுதி வெச்சுக்க, பன்னெண்டு அடிச்சதும் திருப்பி வாங்கிடுவேன். ஆமா, டிக்கெட் கொண்டு வந்தியா?

— டிக்கெட் வேண்டாம். எல்லா டீமுக்கும் சீசன்ல ஒரு ஞாயிறு ஆட்டம் கிடையாது, லீவு. நம்ம டீமுக்கு அது இன்னிக்கு.